ஏலக்காய்க்கு இரண்டு சல்லடை: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து இந்திய உணவுப் பாதுகாப்பின் வரலாறு

தமிழில் ஏலம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று மலையில் விளையும் ஏலக்காய். மற்றொன்று கூவி விற்கும் விற்பனை. முதலாவது நம்முடைய பழைய சொல். இரண்டாவது போர்ச்சுகீசியர்கள் விட்டுச் சென்றது. இந்த இரண்டு ஏலமும் ஒன்றாகச் சேரும் ஊர் தேனி மாவட்டத்தில் உள்ள போடிநாயக்கனூர். ஏலக்காய் நகரம் என்று இந்த ஊருக்கு ஒரு பெயரே உண்டு.

இந்த ஊரின் கிட்டங்கிகளில் ஏலக்காயைச் சல்லடையில் போட்டுச் சலித்து, பருமன் வாரியாகப் பிரிப்பார்கள். எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கும் காய்க்குத் தனி மதிப்பு. இது கண்ணுக்குத் தெரியும் சல்லடை. ஆனால் உணவுப் பாதுகாப்பு என்பது கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சல்லடை. வெளிநாட்டுக்குப் போகும் காய்க்கு ஒரு சல்லடையும், உள்ளூர்ப் பெட்டிக்கடைக்கு வரும் காய்க்கு வேறொரு சல்லடையும் எப்படி வந்தன? வளரும் நாடு ஒன்றில் உணவுக் கட்டுப்பாடும் நுகர்வோர் பாதுகாப்பும் எப்படிக் கட்டி எழுப்பப்படுகின்றன என்பதற்கு இந்தச் சின்னக் காயின் கதை ஒரு நல்ல பாடம்.

மலை ஒரு நாடு, அடிவாரம் ஒரு நாடு

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கே சுவர் போல நிற்பது ஏலமலை. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மூன்று வழிகளில் ஏறினால் இன்றைய இடுக்கி மாவட்டம் வந்துவிடும். காய் விளைவது பெரும்பாலும் மேலே. வாங்குவது, பிரிப்பது, விற்பது பெருமளவு கீழே. தேனி மாவட்டத்துத் தொழிலாளர்கள் தினமும் ஜீப்பில் ஏறி மலைத் தோட்டங்களுக்குப் போய் வருகிறார்கள். 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் பாதை வந்தபோது இந்த வணிகம் இன்னும் வேகம் பிடித்தது.

அந்தக் காலத்தில் மலை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அடிவாரம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. எனவே மெட்டைத் தாண்டினால் சட்டமும் மாறும். திருவிதாங்கூரில் ஏலக்காய் வணிகம் நெடுங்காலம் அரசின் ஏகபோகமாக இருந்தது. ஆலப்புழையில் கொண்டு வந்து விற்றார்கள். இன்றும் உயர்ந்த ரகப் பச்சை ஏலக்காய்க்கு 'ஆலப்பி கிரீன்' என்ற பெயர் நிலைத்திருப்பது இதனால்தான்.

சென்னை மாகாணத்தில் 1918-ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் வந்தது. அதற்கு முன்பு 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 272, 273 ஆகிய பிரிவுகள் மட்டுமே இருந்தன. மற்ற மாகாணங்களும் தனித்தனியே சட்டம் இயற்றின. ஆனால் எது கலப்படம், எது தரம் என்பதற்கு மாகாணத்துக்கு மாகாணம் வேறு வேறு விளக்கம். ஓரிடத்தில் குற்றமான பொருள் பக்கத்து இடத்தில் நல்ல பொருளாக விற்கப்படலாம்.

1937-ஆம் ஆண்டு வேளாண் விளைபொருள் (தரப்படுத்துதல் மற்றும் குறியிடுதல்) சட்டம் வந்தது. இன்று எல்லோருக்கும் தெரிந்த அக்மார்க் முத்திரையின் பிறப்பு இதுதான். இது தரத்தை விருப்பத்தின் பேரில் பெறும் ஒரு முத்திரையாகவே தொடங்கியது என்பது குறிப்பிடத்தக்கது. அதாவது, நல்ல பொருள் விற்பவர் தன்னை அடையாளம் காட்டிக்கொள்ளலாம். கெட்ட பொருள் விற்பவரை அது தடுக்காது.

1954-ம் 1958-ம்

சுதந்திரத்துக்குப் பிறகு கலப்படத் தடுப்பு மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் வைக்கப்பட்டது. அதன் விளைவே 1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம். 1955 ஜூன் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதற்கும் ஒரே விளக்கம், ஒரே தண்டனை என்ற அளவில் அது பெரிய முன்னேற்றம்.

இந்தச் சட்டத்தின் மனதில் இருந்த எதிரி கலப்படக்காரர். பாலில் தண்ணீர், மிளகில் பப்பாளி விதை, மஞ்சளில் சாயம், ஏலக்காயில் எண்ணெய் எடுத்த சக்கை என்று ஒருவர் வேண்டுமென்றே செய்யும் ஏமாற்று. ஆனால் யாரும் வேண்டுமென்று செய்யாமலே உணவு விஷமாக முடியும் என்பதை 1958 காட்டியது.

அந்த ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் சென்னை மாநிலத்திலும் கோதுமை மாவு சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாவில் யாரும் எதையும் கலக்கவில்லை. ஃபாலிடால் என்ற பூச்சிக்கொல்லியும் உணவு தானியமும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டிருந்தன. மருந்து கசிந்து மூட்டைகளில் இறங்கியிருந்தது. இதை விசாரிக்க நீதிபதி ஜே.சி.ஷா தலைமையில் ஆணையம் அமைந்தது. அதன் தொடர்ச்சியாகப் பத்து ஆண்டுகள் கழித்து வந்ததுதான் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம்.

இங்கே ஒரு பிரிவினை நடந்ததைக் கவனிக்க வேண்டும். உணவு சுகாதாரத் துறையின் கீழ் இருந்தது. பூச்சிக்கொல்லி வேளாண் துறையின் கீழ் போனது. ஒரே தட்டில் வந்து சேரும் இரண்டு பொருள்களை இரண்டு அமைச்சகங்கள் தனித்தனியே பார்த்துக்கொண்டன. இந்தப் பிரிவினையின் விலையை ஏலமலை பின்னால் கொடுத்தது.

வாங்குபவருக்கும் உரிமை

1985 ஏப்ரலில் ஐக்கிய நாடுகள் சபை நுகர்வோர் பாதுகாப்புக்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டே, 1986 டிசம்பர் 24-ல், இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதனால்தான் டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. இதே 1986-ல் கலப்படத் தடுப்புச் சட்டமும் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற நுகர்வோர் சங்கங்களும் உணவு மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்றானது.

இதற்கு முன்பு கெட்ட பொருளை வாங்கியவர் வெறும் சாட்சி. வழக்கு அரசுக்கும் வியாபாரிக்கும் இடையில். அபராதம் போட்டாலும் அது அரசு கஜானாவுக்குத்தான் போகும். 1986-க்குப் பிறகுதான் ஏமாந்தவர் நீண்ட சிவில் வழக்கு இல்லாமல், தன் பெயரிலேயே எளிய முறையில் வழக்குப் போட்டு நஷ்டஈடு கேட்க முடிந்தது. 2019-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2020 ஜூலையில் இதன் இடத்தைப் பிடித்தது. மாவட்ட மன்றங்கள் இப்போது மாவட்ட ஆணையங்கள். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் கிடையாது.

ஆனால் ஒரு சிக்கல். கால் கிலோ ஏலக்காய் வாங்கியவர் அதில் என்ன மருந்து எவ்வளவு இருக்கிறது என்று எப்படி அறிவார்? பார்த்தால் தெரியாது, முகர்ந்தால் தெரியாது, தின்றாலும் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு எப்படி வழக்குப் போடுவது? உரிமை கைக்கு வந்தது, ஆதாரம் கைக்கு வரவில்லை.

பச்சை நிறத்தின் விலை

வணிகவியல் படிப்பவர்களுக்கு ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பெயர் தெரிந்திருக்கும். 1970-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பின்னாளில், 2001-ல், நோபல் பரிசு கிடைத்தது. விற்பவருக்குத் தரம் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்றால் சந்தையில் நல்ல சரக்குக்கு நல்ல விலை கிடைக்காது, கடைசியில் நல்ல சரக்கே சந்தையை விட்டுப் போய்விடும் என்பது அதன் சாரம். பழைய கார் சந்தைதான் அவருடைய முதன்மை எடுத்துக்காட்டு. ஆனால் அதே கட்டுரையில் வளரும் நாடுகளைப் பற்றிய பகுதியில், கடையில் வாங்கிய அரிசியில் கல் பொறுக்கும் இந்தியப் பெண்களையும் அவர் குறிப்பிடுகிறார்!

இதை ஏலக்காய்க்குப் பொருத்திப் பார்க்கலாம். காயின் விலையை முடிவு செய்வது பருமன், எடை, நிறம். பச்சை மாறாமல் இருக்க வெயிலில் போடாமல், கூடத்தில் மிதமான சூட்டில் உலர்த்துகிறார்கள். தோலில் சொறி விழுந்தால் விலை விழும். அந்தச் சொறிக்குக் காரணம் இலைப்பேன் என்ற கண்ணுக்கு எளிதில் தெரியாத பூச்சி. காயைத் துளைக்கும் புழு வேறு. ஏலக்காய் ஒரே தடவையில் அறுவடையாகும் பயிர் அல்ல. பல சுற்றுகளாகப் பறிக்க வேண்டும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் மருந்து அடித்தால், அது சிதைந்து போவதற்குள் அடுத்த பறிப்பு வந்துவிடலாம்.

இதில் விவசாயியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. சந்தை அழகான காய்க்குக் காசு கொடுக்கிறது. மருந்து குறைவான காய்க்குக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடத் தருவதில்லை. மருந்தைக் குறைத்தவர் சொறி விழுந்த காயோடு நஷ்டத்தில் நிற்பார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பளபளப்பான காயோடு லாபத்தில் நிற்பார். இன்னும் ஒரு படி மேலே போய், மங்கிய காய்க்குச் செயற்கைப் பச்சைச் சாயம் ஏற்றுவதும் இதே கணக்கில்தான். ஏலக்காயில் எந்தச் சாயமும் சேர்க்கக் கூடாது என்பது இந்திய உணவுத் தரவிதி.

நறுமணப் பொருள் வாரியத்தின் கீழ் 2007-ல் மின்னணு ஏலம் வந்தது. போடியிலும் இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் வியாபாரிகள் கணினி முன் அமர்ந்து விலை கேட்கிறார்கள். இதனால் விலையில் வெளிப்படைத் தன்மை வந்தது. ஆனால் வாங்கிய பிறகு பல தோட்டங்களின் காய்கள் கிட்டங்கியில் ஒன்றாகக் கலந்து, பருமன் வாரியாக மறுபடி பிரிக்கப்படும்போது, எந்தக் காய் எந்தத் தோட்டத்தது என்ற தடம் அழிந்துவிடும். பின்னால் ஒரு மூட்டை பரிசோதனையில் தோற்றால் யாரைக் கேட்பது?

வெளியிலிருந்து வந்த அழுத்தம்

உலக அளவில் உணவுத் தரங்களை வகுக்க உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய கோடெக்ஸ் ஆணையம் 1963-ல் கூடியது. அடுத்த ஆண்டே இந்தியா உறுப்பினரானது. ஆனால் கோடெக்ஸ் தரங்கள் அப்போது வெறும் பரிந்துரைகள். 1995-ல் உலக வர்த்தக அமைப்பு வந்ததும் நிலைமை மாறியது. ஒரு நாடு உணவு இறக்குமதியைத் தடுத்தால், அது அறிவியல் ஆதாரத்தோடு இருக்க வேண்டும், கோடெக்ஸ் தரம் அதற்கு ஓர் அளவுகோல் என்றானது.

2003-ஆம் ஆண்டு இந்தியாவை இரண்டு பக்கம் தட்டி எழுப்பியது. இந்திய மிளகாய்ப் பொடியில் சூடான் சிவப்பு என்ற தொழிற்சாலைச் சாயம் இருப்பது பிரான்ஸில் தெரிய வந்து, ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயப் பரிசோதனை விதித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், இந்தியாவில் விற்கும் குளிர்பானங்களில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக அறிவித்தது. நாடாளுமன்றக் கூட்டுக் குழு 2004-ல் அதை உறுதி செய்தது. ஒன்று வெளிநாட்டு நுகர்வோரின் புகார், மற்றொன்று உள்நாட்டு நுகர்வோரின் புகார்.

இந்தச் சூழலில் பிறந்ததுதான் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம். எட்டு பழைய சட்டங்களும் ஆணைகளும் ஒன்றாக்கப்பட்டன. 2008-ல் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற ஆணையம் அமைந்தது. 2011 ஆகஸ்ட் 5 முதல் சட்டம் முழுமையாக அமலானது. கலப்படம் என்ற பழைய சொல்லுக்குப் பதிலாகப் பாதுகாப்பற்றது, தரம் குறைந்தது, தவறான முத்திரையிடப்பட்டது என்று மூன்று வகை வந்தது. தமிழ்நாட்டில் மாவட்டத்துக்கு ஒரு நியமன அலுவலரும், அவருக்குக் கீழே உணவுப் பாதுகாப்பு அலுவலர்களும் வந்தார்கள்.

ஆனால் இந்தச் சட்டத்தின் 18-ஆம் பிரிவில் ஒரு வாசல் இருக்கிறது. விவசாயிக்கும், விவசாய வேலைகளுக்கும், தோட்ட அளவில் உள்ள விளைபொருளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. கோடிக்கணக்கான சிறு விவசாயிகளை ஆய்வாளர்களின் தொல்லையிலிருந்து காப்பாற்ற இது தேவைதான். ஆனால் மருந்து எச்சம் உண்டாவது தோட்டத்தில்! சட்டம் தொடங்குவது தோட்டத்தின் வாசலுக்கு வெளியே. 1968-ல் நடந்த பிரிவினை 2006-லும் முழுதாகத் தீரவில்லை.

அரவணை சொன்ன பாடம்

இதன் விளைவு இரண்டு இடங்களில் வெடித்தது. முதலாவது அரபு நாடுகளில். அரபிக் காபியில் ஏலக்காய் இல்லாமல் இருக்காது. சவுதி அரேபியா பெரிய வாடிக்கையாளர். 2018-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பூச்சிக்கொல்லி எச்சத்தைக் காரணம் காட்டி அந்த நாடு இந்திய ஏலக்காயைத் திருப்பி அனுப்பியது. போட்டிக்குக் குவாத்தமாலா தயாராக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அங்கே ஏலக்காய் போய்ச் சேர்ந்தது. இன்று உலகில் மிக அதிகமாக ஏற்றுமதி செய்வது அந்த நாடுதான்.

இரண்டாவது சபரிமலையில். கார்த்திகை, மார்கழியில் தேனி, கம்பம், குமுளி வழியாகச் செல்லும் பக்தர்கள் திரும்பும்போது கொண்டு வரும் பிரசாதம் அரவணைப் பாயசம். அதில் சேர்த்த ஏலக்காயில் 14 பூச்சிக்கொல்லிகள் அனுமதித்த அளவை மீறி இருப்பதாக எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. ஆய்வகம் அறிக்கை தந்தது. 2023 ஜனவரி 11-ல் கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. சுமார் 6.65 லட்சம் டின்கள் முடங்கின. ஏலக்காய் போடாத அரவணை தயாரித்து விற்பனை தொடர்ந்தது.

பிறகு உச்ச நீதிமன்ற உத்தரவின்படி, தயாரான பாயசத்தைப் பரிசோதித்தபோது அது உண்ணத் தகுந்தது என்று தெரிந்தது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆனால் அதற்குள் அந்த டின்களின் காலம் முடிந்து அவை அழிக்க வேண்டியவை ஆகிவிட்டன.

இந்த வழக்கில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, ஏலக்காயில் உள்ள அளவு வேறு, அது சிறிதளவு சேர்ந்த பாயசத்தில் உள்ள அளவு வேறு. எதைப் பரிசோதிக்க வேண்டும் என்பதே முதல் கேள்வி. மற்றொன்று, புகார் கொடுத்தவர் சாப்பிட்ட பக்தர் அல்ல, வணிகப் போட்டியாளர். எச்சத்தைக் கண்டுபிடிக்கும் ஆய்வகக் கதவு சாதாரண நுகர்வோருக்கு எவ்வளவு தூரம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாகச் சில இந்திய மசாலாக்களை நிறுத்தின. உடனே அந்த இரண்டு நாடுகளுக்குப் போகும் மசாலாவுக்குப் பரிசோதனை கட்டாயமானது. அதே மாதம் இந்தியாவில் வேறொன்றும் நடந்தது. இந்தியாவில் பதிவாகாத பூச்சிக்கொல்லிகளுக்கு, மசாலாப் பொருள்களில் அனுமதிக்கும் பொது அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராமிலிருந்து 0.1 மில்லிகிராமாக உயர்த்தப்பட்டது. அதாவது நூறு டன்னுக்கு ஒரு கிராம் என்பது பத்து டன்னுக்கு ஒரு கிராம் ஆனது. மசாலா சிறிதளவே உண்ணப்படுவது, உலர்ந்த பொருளில் எச்சம் செறிவாவது போன்ற வாதங்கள் இதற்கு உண்டு. ஆனால் ஏற்றுமதிச் சல்லடையின் கண் சிறுத்த அதே நேரத்தில், உள்ளூர்ச் சல்லடையின் கண் பெருத்தது என்பதுதான் சாமானியருக்குத் தெரிவது.

ஐந்து தூண்கள்

வளரும் நாடுகள் உணவுக் கட்டுப்பாட்டை எப்படிக் கட்ட வேண்டும் என்று உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் 2003-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டன. அதன்படி ஐந்து தூண்கள் வேண்டும்: சட்டம், நிர்வாகம், ஆய்வுப் பணி, ஆய்வகம், மக்களுக்குத் தகவல்.

கம்பம் பள்ளத்தாக்கில் நின்று இந்த ஐந்தையும் எண்ணிப் பார்க்கலாம். சட்டம் இருக்கிறது. நிர்வாகம் இருக்கிறது. அலுவலர் மாதிரி எடுத்தால் அதை நான்கு பங்காக்கி, ஒரு பங்கை ஆய்வாளருக்கு அனுப்பி, 14 நாளில் அறிக்கை பெற வேண்டும் என்ற முறையும் இருக்கிறது. மாநிலத்தின் ஆறு அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்களில் ஒன்று மதுரையில் இருக்கிறது. சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் கட்டிப் பொருளைப் பரிசோதிக்கச் செய்யலாம். பொருள் சட்டத்துக்கு மாறானது என்று தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஐந்தாவது தூணான தகவல்தான் இளைத்துப் போயிருக்கிறது. இந்த 40-ஆம் பிரிவைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்?

கோடெக்ஸ் அமைப்பில் நறுமணப் பொருள்களுக்கான தனிக் குழு 2013-ல் உருவானபோது அதை நடத்தும் பொறுப்பு இந்தியாவுக்குக் கிடைத்தது. சிறு ஏலக்காய்க்கான உலகத் தரம் 2024-ல் ஏற்கப்பட்டது. ஒரு காலத்தில் பிறர் வகுத்த தரத்துக்குப் பணிந்த நாடு, இன்று தரத்தை வகுக்கும் மேசையில் தலைமை இடத்தில் இருக்கிறது. இது சாதாரண வளர்ச்சி அல்ல.

முடிவாக

சட்டங்களின் வரலாற்றை அடுக்கிப் பார்த்தால் ஒன்று புரிகிறது. 1958-ன் சாவுகள், 2003-ன் சாயம், 2018-ஐ ஒட்டித் திரும்பி வந்த மூட்டைகள், 2024-ன் மசாலா என ஒவ்வொரு முறையும் அடி விழுந்த பிறகே சட்டம் நகர்ந்திருக்கிறது. சவுதி வியாபாரி ஒரு மூட்டையைத் திருப்பி அனுப்பினால் வாரியம் கூடுகிறது. தேனிச் சந்தையில் ஒருவர் அதே காயை வாங்கிப் பாயசத்தில் போட்டால் யாருக்கும் தெரியாது.

இன்னொருவரும் இருக்கிறார். காயில் இருக்கும் மருந்தை மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு வரை அளக்க இன்று கருவி உண்டு. முதுகில் தெளிப்பானைச் சுமந்து அதே மருந்தை அடிப்பவரின் உடம்பில் என்ன இருக்கிறது என்று எந்த ஏற்றுமதிச் சான்றிதழும் சொல்வதில்லை. மருந்தைக் குறைத்தால் முதலில் பயனடைவது சவுதியில் காபி குடிப்பவர் அல்ல. காலையில் ஜீப்பில் மலையேறி மாலையில் பள்ளத்தாக்குக்குத் திரும்பும் தொழிலாளிதான்.

எனவே செய்ய வேண்டியது என்ன? எந்தத் தோட்டத்துக் காய் என்ற அடையாளம் ஏலத்துக்குப் பிறகும் மூட்டையோடு போக வேண்டும். எச்சம் குறைந்த காய்க்கு ஏலத்திலேயே தனி விலை கிடைக்க வேண்டும். அப்போது மருந்தைக் குறைப்பவர் நஷ்டப்பட மாட்டார். ஏற்றுமதிக்கு என்ன பரிசோதனையோ அதே பரிசோதனை உள்ளூர்க் கடைக்கும் வேண்டும்.

போடியின் கிட்டங்கியில் சல்லடை ஒன்றுதான். எந்த ஊருக்குப் போகும் காயும் அதில்தான் விழுகிறது. சட்டத்தின் சல்லடையும் அப்படி ஒன்றாகும் நாளில்தான் இந்த நாட்டின் நுகர்வோர் பாதுகாப்பு முழுமை பெறும்.